சேந்தமங்கலத்து நாயக்கர் பாரீஸ் போன கதை! பாதிரியார் கடிதங்களில் ஒளிந்திருக்கும் நம் ஊர் வரலாறு

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு சேந்தமங்கலம் என்பது வழியில் வரும் ஓர் ஊர். அதைத் தாண்டிப் போனால் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எல்லோர் கண்ணும் மலை மேல்தான் இருக்கும். கீழே இருக்கும் ஊரை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் 400 ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊர் ஒரு பாளையத்தின் தலைநகரம். இங்கிருந்து ஆண்டவர் ராமச்சந்திர நாயக்கர். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் இவர்தான் என்று சொல்வோரும் உண்டு.

அந்த நாயக்கர் ரத்தமும் சதையுமாக ஒரு மனிதரை வரவேற்றுப் பேசிய காட்சி நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? ஒரு பாதிரியாரின் பயணத்தைச் சொல்லும் கடிதங்களில் இருந்து. அந்தக் கடிதங்கள் கடல் கடந்து ஐரோப்பா போய், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 19-ஆம் நூற்றாண்டில் இன்னொரு பாதிரியார் கைக்கு வந்து, பாரீஸில் அச்சான கதை இது.

1623: நாயக்கர் வாசலில் ஒரு சந்நியாசி

இத்தாலிக்காரரான ராபர்ட் டி நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி. காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, 'தத்துவ போதகர்' என்ற பெயரோடு வாழ்ந்தவர். சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தவர் சிவதர்மர் என்ற பண்டிதர்.

அவரது வாழ்க்கை முறையை அவருடைய சபைக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். கிறிஸ்தவர் ஆனவர்கள் பூணூல் அணியலாமா, குடுமி வைக்கலாமா, சந்தனம் பூசலாமா என்று பெரிய வழக்கே நடந்தது. 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி, நிபந்தனைகளுடன் அவற்றை அனுமதித்தார்.

அதே ஆண்டில் நொபிலி மதுரையை விட்டு வடக்கே கிளம்பினார். வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று சேந்தமங்கலம். ராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையாக வரவேற்றார். தங்குவதற்கு இடம் தரவும் முன்வந்தார். அடுத்து சேலம். அங்கே நிலைமை நேர் எதிர். தங்க வீடு கிடைக்காமல் நொபிலி அவதிப்பட்டார், உடம்பும் கெட்டது. பிறகுதான் கதவுகள் திறந்தன. சேலத்து ஆட்சியாளரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் 1625-ல் ஞானஸ்நானம் பெற்றார்.

சமயச் செய்தியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் படித்துப் பாருங்கள். 1623-ல் இந்தச் சமவெளி எப்படி இருந்தது என்ற படம் கிடைக்கும். சேந்தமங்கலத்தில் ஒரு நாயக்கர்; அவர் மதுரைக்குக் கீழ்ப்பட்டவர். சேலத்தில் வேறொரு ஆட்சியாளர். ஓர் ஊரில் கிடைத்த உபசாரம் அடுத்த ஊரில் செல்லாது. ஒரு பரதேசி வந்தால் இடம் தருவதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்தந்த ஊர்த் தலைவருக்கு இருந்தது. கடிதம் எழுதியவர் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து எழுதவில்லை. தன் வேலையைச் சொல்லும்போது இவையும் கூடவே வந்து விழுந்துவிட்டன.

தூசி தட்டிய பெர்த்ரான்

1773-ல் போப் ஆணையால் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1776-ல் பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் அந்தப் பணியை ஏற்றார்கள். 1814-ல் இயேசு சபைக்கு மீண்டும் உயிர் வந்தது. 1838-ல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பினர். அவர்களுக்குத் தலைவராக வந்தவர் ஜோசப் பெர்த்ரான்.

வந்தவர்களை வரவேற்றது ஆரத்தி அல்ல, சண்டையும் காலராவும்தான். கோவாவின் போர்த்துக்கீசிய அதிகாரத்துக்கு உட்பட்ட குருக்கள், 'இது எங்கள் இடம்' என்றார்கள். வந்து சில ஆண்டுகளுக்குள்ளாகவே இளம் துறவிகள் பலர் நோயில் இறந்து போனார்கள்.

பெர்த்ரான் பின்னர் பிரான்சில் இருந்தபடி ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்தார். நொபிலி காலம் தொடங்கி மதுரை மிஷன் துறவிகள் எழுதிய பழைய கடிதங்களைத் தேடிச் சேகரித்து, தேர்ந்தெடுத்து, பிரெஞ்சு மொழியில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். 1847-ல் தொடங்கி 1854-ல் நிறைவடைந்த அந்தத் தொகுப்பின் பெயர் 'லா மிஷன் து மதுரே'. 'இதுவரை அச்சாகாத ஆவணங்களைக் கொண்டு' என்பதை அதன் தலைப்பிலேயே சேர்த்திருந்தார்.

இதற்குப் பிறகுதான் சங்கிலி தொடங்குகிறது. 1868-ல் மதுரை மாவட்டக் கையேட்டை எழுதிய ஜே.எச்.நெல்சன் என்ற ஆங்கில அதிகாரி, நாயக்கர் காலத்தைச் சொல்ல பெர்த்ரான் வெளியிட்ட கடிதங்களைப் பெரிதும் நம்பினார். 1924-ல் வெளியான ஆர்.சத்தியநாத ஐயரின் மதுரை நாயக்கர் வரலாறு, அந்தக் கடிதங்களில் பலவற்றை ஆங்கிலத்தில் பின்னிணைப்பாகவே கொடுத்தது. நாயக்கர் காலப் பஞ்சம், போர், வரி என்று நாம் இன்று படிக்கும் பல செய்திகள் இந்த வழியாக வந்தவை.

ஆக, தமிழ்நாட்டில் நடந்த சம்பவம் ஐரோப்பாவுக்குப் போய், பிரெஞ்சில் அச்சாகி, ஆங்கிலமாகி, கடைசியில் தமிழில் நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது!

எழுதியவர் யாருக்காக எழுதினார்?

அப்படியானால் பாதிரியார் எழுதியதெல்லாம் அப்படியே உண்மையா? நிச்சயம் இல்லை. இங்கேதான் எச்சரிக்கை தேவை.

இந்தக் கடிதங்கள் மேலிடத்துக்கும் நன்கொடையாளர்களுக்கும் போனவை. 'வேலை நன்றாக நடக்கிறது, இன்னும் ஆள் அனுப்புங்கள், பணம் அனுப்புங்கள்' என்பது பல கடிதங்களின் அடிநாதம். அதனால் வெற்றி பெரிதாகத் தெரியும். உள்ளூர் வழிபாடு இருட்டாகத் தெரியும். பெர்த்ரானுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. பழைய மிஷனின் பெருமையையும் தம் சபையின் உரிமையையும் நிலைநாட்ட விரும்பிய மனிதர் அவர். எந்தக் கடிதத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ததும் அவரேதான்.

அச்சுப் புத்தகத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பிரமாதமான உதாரணம் இருக்கிறது. அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதியை 1807-ல் கிழக்கிந்திய கம்பெனி அரசு 2,000 வராகன் கொடுத்து வாங்கியது. 1816-ல் அது ஆங்கிலத்தில் வெளியானது. நம் ஊர் பற்றித் தெரிந்துகொள்ள வெள்ளைக்கார அதிகாரிகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த புத்தகம் அது.

1977-ல் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா மூர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருந்த 1777-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றை துபுவாவின் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். துபுவா புத்தகத்தின் பெரும்பகுதி, அவருக்கு முந்தைய தலைமுறையில் வாழ்ந்து 1779-ல் இறந்த கேர்து என்ற இயேசு சபைத் துறவியின் எழுத்தில் இருந்து வந்தது என்று தெரிந்தது. 'நேரில் பார்த்து எழுதியது' என்று உலகம் நம்பியதில் பெரும்பகுதி வேறொருவர் பார்த்தது. அதுவும் பல பத்தாண்டுகளுக்கு முன்பு பார்த்தது!

புத்தகம் 160 ஆண்டுகளாக மறைத்து வைத்த உண்மையைப் பழைய காகிதம் காட்டிக் கொடுத்துவிட்டது. மூலப் பிரதியைப் பாதுகாப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சேலத்துக்கு வந்த லண்டன் மிஷன்

கத்தோலிக்கர் கதை இப்படி என்றால், புராட்டஸ்டண்ட் பக்கம் சேலத்தில் லண்டன் மிஷனரி சங்கம் 1827-ல் கால் வைத்தது. முதலில் வந்தவர் ஹென்றி கிறிஸ்ப். நான்கே ஆண்டுகளில், 1831-ல் இறந்துவிட்டார். 1840-ல் வந்தவர் ஜே.எம்.லெக்லர் என்ற ஜெர்மானியர். சமயப் பணியோடு, இளைஞர்களுக்குக் கைத்தொழில் சொல்லித்தரும் பள்ளியையும் சேலத்தில் நடத்தினார்.

லெக்லர் சேலத்துக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. அதற்கு முன் அவர் திருநெல்வேலியில் புகழ்பெற்ற ரேனியஸ் ஐயரோடு சர்ச் மிஷனரி சங்கத்தில் இருந்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் நடைமுறைகளை ரேனியஸ் விமர்சித்து எழுதப் போக, 1835-ல் அவரையும் அவரோடு நின்ற மூன்று ஜெர்மானியரையும் சங்கம் விலக்கியது. அந்த மூவரில் ஒருவர் லெக்லர். 1838-ல் ரேனியஸ் இறந்த பிறகு, லெக்லர் லண்டன் மிஷனில் சேர்ந்தார். இந்தச் சண்டையில் சங்கத்தின் நியாயம் அதன் அலுவலகக் கோப்புகளில் இருக்கிறது. ரேனியஸின் நியாயம் 1841-ல் அவர் மகன் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. ஒன்றை மட்டும் படித்தால் பாதிக் கதைதான்.

அதே லண்டன் மிஷனைச் சேர்ந்த மாரிஸ் பிலிப்ஸ் வேறு ரகம். சேலம் மாவட்டத்துப் பழங்கால ஈமக்குழிகளைப் பற்றி 1873-ல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் எழுதியவர். ஊர் மக்கள் ஒதுங்கிப் போகும் மண்மேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பாதிரியார் 150 ஆண்டுகளுக்கு முன்பே அக்கறையோடு பார்த்திருக்கிறார். இன்று உழவிலும் ரோடு வேலையிலும் அழிந்துபோன மேடுகள் எத்தனையோ. அதனால் அப்படிப்பட்ட பழைய குறிப்புக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

இந்தச் சங்கங்களின் காகிதங்கள் இன்று எங்கே? லண்டன் மிஷன் ஆவணங்கள் 1973 முதல் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் கல்லூரியில் இருக்கின்றன. சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. நம் மாநிலத்துக்குள்ளேயே கொடைக்கானல் அருகே செண்பகனூரில் மதுரை இயேசு சபையினரின் காப்பகம் இருக்கிறது.

பெயர் இல்லாத உபதேசியார்

இந்தக் கட்டுகளில் துரைமார் பெயர் வரிக்கு வரி வரும். ஆனால் ஊர் ஊராக நடந்தவர், மொழி சொல்லிக் கொடுத்தவர், பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் எடுத்தவர் யார்? உள்ளூர் உபதேசியார். பல அறிக்கைகளில் அவர் வெறும் 'நேட்டிவ்' உதவியாளர், அவ்வளவுதான். துரை 'பார்த்தேன், கேட்டேன்' என்று எழுதியதில் பெரும்பகுதி உபதேசியார் பார்த்து வந்து சொன்னதாகத்தான் இருக்க முடியும்.

உபதேசியார் கதியே இப்படி என்றால் சாதாரண விவசாயிக்கும் நெசவாளிக்கும் என்ன இடம்? இதற்கு 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தாலே போதும்.

1871 மக்கள்தொகைக் கணக்கில் அன்றைய சேலம் மாவட்டத்தில் 19,66,995 பேர். அப்போது நாமக்கல் தாலுகாவும் அதற்குள்தான் இருந்தது. அடுத்த கணக்கு 1881-ல். அதில் 15,99,595 பேர். பத்தே ஆண்டில் 3,67,400 பேர் குறைவு. பட்டினி, காலரா, ஊரை விட்டுப் போனவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் என எல்லாம் சேர்ந்த எண் இது.

அரசாங்கம் நமக்குக் கொடுப்பது அந்த எண்ணைத்தான். அந்த எண்ணுக்குள் இருந்தவர்களின் பெயர்? அதைத் தேட மிச்சமிருக்கும் சில இடங்களில் ஒன்று தேவாலயப் பதிவேடு.

ஒரு வரியில் ஒரு குடும்பம்

ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தேதி, ஞானத்தாய் தகப்பன் பெயர் இருக்கும். திருமணப் பதிவேட்டில் மணமகன் ஊரும் மணமகள் ஊரும் இருக்கும். அடக்கப் பதிவேட்டில் வயதும் சில சமயம் நோயும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வரி. ஆனால் நூறு வரியைச் சேர்த்துப் பார்த்தால் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை இருந்தது, எந்த மாதத்தில் சாவு அதிகம், எந்த ஆண்டில் பிறப்பே இல்லை என்று தெரிந்துவிடும். அரசனும் ஜமீனும் இல்லாத வரலாறு இது. கூலிக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் அதில் பெயர் உண்டு.

இது வெறும் ஆராய்ச்சிக்காரர்கள் சமாச்சாரமும் அல்ல. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடந்த திருமணங்களின் பதிவேடு சட்டபூர்வமான ஆவணம். பொறுப்பில் இருப்பவரிடம் உரிய கட்டணம் கட்டி அதைத் தேடிப் பார்க்கவும், சான்றிட்ட நகல் வாங்கவும் அந்தச் சட்டமே வழி செய்கிறது. அந்த நகல் சாட்சியமாகவும் செல்லும். வாரிசு, சொத்து என்று பிரச்னை வரும்போது இந்த ஒற்றை வரிக்காகக் குடும்பங்கள் அலைவது இதனால்தான்.

அலைகிறவர்களுக்கு ஒரு சிக்கல். ஊர் நகராது, எல்லைக்கோடு நகரும்! சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானது 1930-ல். அதற்கு முன் அதன் பகுதிகள் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் மறைமாவட்டங்களில் பிரிந்து கிடந்தன. அரசுப் பக்கமும் இதே கதைதான். 1910-ல் நாமக்கல் தாலுகா திருச்சி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது; பின்னர் சேலத்துக்குத் திரும்பியது; 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானது. ஆகவே கொள்ளுத்தாத்தா காலத்துக் காகிதம் இன்றைய மாவட்டத் தலைநகரில் இல்லை என்றால் உடனே கைவிட வேண்டியதில்லை. அந்த ஆண்டில் ஊர் யார் கையில் இருந்தது என்று பார்த்துவிட்டு அங்கே போய்க் கேட்கலாம்.

கரையான் காத்திருக்காது

லண்டனிலும் பாரீஸிலும் இருக்கும் கடிதங்களுக்குக் குளிர்சாதன அறையும் காவலும் உண்டு. ஆபத்து நம் ஊரில் இருக்கும் பதிவேட்டுக்குத்தான். ஒரு மழை ஒழுகல், ஒரு கரையான் புற்று, வெள்ளையடிக்கும்போது 'பழைய குப்பை' என்று வெளியே வைத்த ஒரு மூட்டை... எதுவும் போதும். போனால் அதற்கு இரண்டாம் பிரதி இருக்குமா என்பது சந்தேகம்தான்.

செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லாத வேலை. தேவாலயப் பொறுப்பாளர் அனுமதி பெற்று, பதிவேட்டைப் பக்கம் பக்கமாக, நல்ல பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் செல்போனில் படம் எடுக்கலாம். முதல் படமாக அட்டையை எடுத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. ஊர், ஆண்டு, பக்க எண் போட்டு இரண்டு இடங்களில் சேமிக்கலாம். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டுவதும், லேமினேஷன் செய்வதும் கூடவே கூடாது. இரண்டுமே நாளடைவில் காகிதத்தைக் கெடுத்துவிடும். தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், காற்றோட்டமான அலமாரியில் வைத்தாலே ஆயுள் கூடும். இதில் இருப்பவை குடும்பங்களின் சொந்த விவரங்கள் என்பதால், படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விடாமல் இருப்பதும் மரியாதை.

கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களுக்கும் இந்த வேலை உண்டு. கோயில் வரவுசெலவு நோட்டு, கல்யாண மொய் நோட்டு, பாட்டன் வைத்துவிட்டுப் போன கிரயப் பத்திரம், பள்ளிக்கூட வருகைப் பதிவேடு எல்லாமே இதே வகைதான். எழுதியபோது யாருக்கும் அது வரலாறாகத் தெரிந்திருக்காது. நொபிலியின் பயணக் கதையில் வந்துபோன ராமச்சந்திர நாயக்கருக்கும் தெரிந்திருக்காது, வாசலுக்கு வந்த ஒரு சந்நியாசிக்கு இடம் தர முன்வந்ததை 400 ஆண்டுகள் கழித்து செல்போனில் படிப்பார்கள் என்று!

நாயக்கர் கதையைக் காப்பாற்ற ஒரு பெர்த்ரான் கிடைத்தார். நாயக்கரின் வயலில் உழைத்தவர்களின் பேரன் பேத்திகள் பெயரைக் காப்பாற்ற பாரீஸில் இருந்து யாரும் வரப்போவதில்லை. அந்தப் பதிவேடு இருக்கும் அலமாரியின் சாவி உள்ளூரில்தான் இருக்கிறது.